நாலாம் கண்

பாபநாசத்துக்கு மேற்கே குடமுருட்டியில்
ஏழு கண் மதகு.
நாலாம் கண்ணின் கதவு மட்டும்
துருவேறி நகராமல் நிற்கிறது.
அதன் தலைமேல் வழிந்து, ஓராள் உயரம்கூட இல்லை,
விழுகிறது தண்ணீர்.
இதைப்போய் அருவி என்று யாரோ படம் போட்டிருக்கிறார்கள்.
சனி ஞாயிறானால் வண்டி வந்து நிற்கிறது.

நான் இந்த மதகின் லஸ்கர்.
காலை ஆறுக்கும் மாலை ஆறுக்கும்
அளவுகோல் பார்த்துப் பதிவேட்டில் எழுதுவேன்.
சொன்னால் ஏற்றுவேன், சொன்னால் இறக்குவேன்.
அவர் போனபின் கருணை அடிப்படையில் வந்தவை
இந்த வேலை, ஒரு டார்ச், ஒரு விசில்,
கதவு திருகும் இரும்புக் கைப்பிடி.
ஆறா கொண்டுபோச்சு என்று கேட்பார்கள்.
இல்லைங்க, சர்க்கரை.

அன்றைக்கு வந்தவர்கள் ஐந்து பேர், திருப்பூர்.
கொல்லிமலையில் ஆயிரம் படி இறங்கி
அருவி பார்த்த கால்கள்.
கயிறு, கொக்கி, பல் வைத்த ஷூ.
நாலாம் கண்ணுக்கு நேர்கீழே மணல்திட்டில்
மஞ்சள் கூடாரம் அடித்தார்கள்.
"வழுக்கி விழக்கூட ஒரு பாறை இல்லையேக்கா"
என்றான் டென்னிசன் என்கிற பையன்.

பாறை இல்லைதான்.
மலைத்தண்ணீர் கத்திக்கொண்டு வரும்,
உயரத்தைக் காட்டி மிரட்டும்.
இங்கே வருவதற்குள் அதற்குத் தொண்டை கட்டிவிடுகிறது.

தேங்காய் மட்டை ஒன்றை மேலிருந்து போட்டுக் காட்டினேன்.
விழுந்தது. முங்கியது. எழுந்தது.
கடலுக்குப் போகவேண்டிய மட்டை
திரும்பி மதகைப் பார்த்து வந்தது,
விழும் தண்ணீருக்கடியில் தலையைக் கொடுத்தது,
மறுபடி முங்கியது.
போன ஆடியில் ஒரு பந்து இப்படி மூன்று நாள்.
குடமுருட்டி என்று பேர் வைத்தவன்
கரையில் உட்கார்ந்து பார்த்துத்தான் வைத்திருக்கிறான்.

ஷெரின் என்ற பெண் மட்டும் எண்ணிக்கொண்டிருந்தாள்,
பதினொன்று, பன்னிரண்டு.
மற்றவர்கள் கெண்டை சுட்டார்கள்.
விடிந்ததும் போய்விடுகிறோம் என்றார்கள்.
சரி என்றேன்.
அந்தச் சரிக்குப் பதிவேட்டில் கட்டம் இல்லை.

ராத்திரி ஒன்று நாற்பதுக்குப் போன்.
மேலே ஐந்நூறு கன அடி கூடுது,
மூணையும் அஞ்சையும் தூக்கு.
சங்கு ரெண்டு வருஷமாய் ஊமை.
மனு கொடுத்த தேதிகள் எனக்கு மனப்பாடம்.

கதவைத் தொடவில்லை.
விசில் ஊதிக்கொண்டே படி இறங்கினேன்.
விழுகிற தண்ணீருக்கு முன் விசில் எம்மாத்திரம்?
கைப்பிடியால் படியின் இரும்புக் கம்பியை அடித்தேன்,
கை மரத்துப்போக அடித்தேன்.
வந்தார்கள், தூக்கத்தோடு,
ஒருவன் ஒற்றைக்கால் ஷூவோடு.
எண்ணினேன்.
நாலு.

டென்னிசன் உள்ளே கேமரா தேடிக்கொண்டிருந்தான்.
புதுத்தண்ணீர் பாய்ந்து வருவதில்லை.
சருகை, எறும்பை, நுரையை முன்னால் அனுப்பிவிட்டு
மணல் குடிக்கக் குடிக்க நடந்து வரும்.
அவன் கணுக்கால். அவன் முழங்கால்.
நாலாம் கண்ணில் விழும் சத்தம் தடித்தது.
ஆற்றோடு போனால் கரை சேரலாம் என்று
கிழக்கே திரும்பி நீந்தினான்.
ஆறு அவனை மேற்கே இழுத்தது.
டார்ச் வெளிச்சத்தில் ஒரு முகம்,
அதில் பயம் இல்லை,
கணக்கு தப்பிய குழப்பம்தான்.

ஷெரின் கயிற்றை வீசினாள்.
அவன் முன்னால் அல்ல, பின்னால் அல்ல,
குறுக்கே, ஓரச்சுவர்ப் பக்கமாய்.
"நேரா வராதே, குறுக்கே வா" என்று கத்தினாள்.
மட்டையை எண்ணியவளுக்குத் தெரிந்திருந்தது.
ஐந்து பேரும் சேர்ந்து இழுத்தோம்.
படியில் கிடந்து அவன் கக்கிய தண்ணீரில்
மணல் இருந்தது.

அப்புறம்தான் கதவுக்குப் போனேன்.
கை நடுங்கியதில் திருகு இரண்டுமுறை நழுவியது.

காலை ஆறு மணி.
மேல்நீர் மட்டம் ஐந்தடி இரண்டங்குலம்.
மூன்று, ஐந்து: இருபத்தாறு நிமிடத் தாமதம்.
விளக்கம் கேட்டுத் தாள் வரும், வரட்டும்.
குறிப்பு:
நாலாம் கண்ணுக்குக் கீழே மஞ்சள் கூடாரம் ஒன்று
சுற்றிக்கொண்டிருக்கிறது.
உள்ளே ஆள் இல்லை.